எறும்புக் கடி என்றார்கள்

லேசர் வைத்து முகத்து முடியை எடுத்தால் எவ்வளவு வலிக்கும் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதிலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குமாம். பாண்டியில் நான் போன ஸ்கின் கிளினிக்கின் வரவேற்பில் இருந்த பெண் அப்படித்தான் சொன்னாள். போனில் நான் பார்த்த வீடியோக்களில் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். எந்த எறும்பு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நான் பாகூர்ப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டில் பிறந்தவள். கரும்பில் காய்ந்த சோகை உரிக்கும்போது கட்டெறும்பு காலைக் கவ்வினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வரவேற்புப் பெண்ணை வாழ்நாளில் ஓர் எறும்பாவது கடித்திருக்குமா என்பதே சந்தேகம். ஏசி ரூமில் எறும்புக்கு என்ன வேலை?

எனக்குப் பதினெட்டு வயதிலிருந்து தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்கிறது. பூனைமுடி என்று சமாளிக்கவெல்லாம் முடியாது. நல்ல கறுப்பு, நல்ல கனம். ஹார்மோன் கோளாறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊரில் அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை இங்கே எழுதி அவர்களுக்கு மரியாதை செய்ய எனக்கு விருப்பமில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு முறை அம்மா கதவைச் சாத்திவிட்டு, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முடியை எல்லாம் சுருட்டிப் பிடுங்குவாள். பத்து வருடம் இப்படியே ஓடியது. வெளியில் யாருக்கும் தெரியாது என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு சுத்துக்கேணிப் பக்கம். எனக்குக் கல்யாணத்தைப் பற்றிப் பயமில்லை, நலங்கை நினைத்துத்தான் பயம். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மணையில் உட்காரவைத்து, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சளும் சந்தனமும் குழைத்துக் கன்னத்திலும் தாடையிலும் பூசுவார்கள். பட்டப்பகலில், வீடியோக்காரர் லைட்டு வெளிச்சத்தில் இது நடக்கும். கண்ணை ஏமாற்றப் பவுடர் போதும். விரலை எதைப் போட்டு ஏமாற்றுவது? நலங்கு நாளுக்குள் என் தாடை வழவழவென்று ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. கையில் இரண்டரை மாதம் இருந்தது.

"மொத நாளு ஷேவ் பண்ணிட்டு வாங்க மேடம். நூல் போடாதீங்க, புடுங்காதீங்க. மஞ்சள், க்ரீம் எதுவும் வேணாம்" என்று கிளினிக்கில் தெளிவாகச் சொன்னார்கள். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆடிப்போய்விட்டாள்.

"பொம்பள மொகத்துல கத்தி வெக்கிறதா? கல்யாணத்த வெச்சிகினு இன்னாடி பேசற நீ? அப்பறம் உங்கப்பன் மாதிரி மொளைக்கும், பாத்துக்க."

"டாக்டரே சொல்றாங்கம்மா."

"அவங்க சொல்லுவாங்க. அவங்க மொகமா, உன் மொகமா?"

நான் பி.காம். படித்தவள். உரக்கடையில் பில் போடுகிறேன், ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன். ஆனால் முகத்தில் பிளேடு என்றதும் என் படிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. பேசாமல் அம்மா எதிரில் போய்த் தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். லேசராயிற்றே, சுத்தமாக இருக்கட்டும் என்று அம்மா அன்றைக்கு வழக்கத்தைவிட ஆழமாக, ஒன்று விடாமல் பிடுங்கினாள். சிவந்த இடத்துக்குக் குளிர்ச்சி என்று கஸ்தூரி மஞ்சளையும் கனமாக அப்பிவிட்டாள். மறுநாள் அந்த மஞ்சள் முகத்தோடு ஸ்கூட்டியில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிப் போனேன்.

லேசர் வைக்கிற பெண் பஞ்சால் மூன்று முறை துடைத்தாள். மூன்று முறையும் பஞ்சு மஞ்சளாகத்தான் வந்தது. பிறகு கண்ணை மூடி, ஜில்லென்ற ஜெல்லைத் தடவி, மிஷினை வைத்தாள். லேசாகச் சுருக் சுருக்கென்றது, அவ்வளவுதான். இதுக்கா இத்தனை பயந்தோம் என்று படுத்துக்கொண்டே எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் டாக்டர் அம்மா வந்து என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடி எங்கம்மா?"

"அம்மா நூல் போட்டு எடுத்துட்டாங்க."

"வேர்ல முடி இருந்தாத்தானே லேசர் அதைச் சுடும்? நீங்க வேரோட புடுங்கிட்டு வந்திருக்கீங்க. வெறும் தோலுக்கு லைட் அடிச்சு என்ன பிரயோசனம்?"

களையை எல்லாம் கையால் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து களைக்கொல்லி கேட்கிற ஆளை என் கடையில் நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படித்தான் அந்த டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் கோபம் என்னவோ அந்த மிஷின்காரப் பெண்மேல்தான். இருபது நிமிஷம் மொட்டைத் தாடையை உற்றுப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவள், ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. வேரில் முடி மறுபடி வர ஒரு மாதம் ஆகும், அதுவரை வரவேண்டாம், நடுவில் ஷேவ் செய்துகொள்ளலாம், பிடுங்கத்தான் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். என் இரண்டரை மாதத்தில் ஒரு மாதம் அங்கேயே போயிற்று.

அந்த ஒரு மாதமும் நானே ரேசர் வாங்கி ஷேவ் செய்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வானம் இடிந்து விழவில்லை. முடியும் அப்பாவுடையது மாதிரி அடர்ந்து வரவில்லை, எப்போதும் போலத்தான் வந்தது.

இரண்டாவது தடவை போனபோதுதான் அந்த எறும்பின் லட்சணம் தெரிந்தது. கன்னத்து ஓரத்தில் தொடங்கினார்கள், அங்கே பரவாயில்லை. தாடை எலும்புக்கு வந்ததும், தாளிக்கும்போது கடுகு தெறித்து முகத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு கடுகு இல்லை, வாணலியே. அடுப்படியில் என்றால் முகத்தை இழுத்துக்கொள்ளலாம், இங்கே அசையாமல் காட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மோவாயில் முடி கனமாக இருந்த இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் கால் விரல் மடங்கியது. மேலுதடுதான் எல்லாவற்றையும் விட மோசம். வலி பல்லுக்குள் போய் மூக்கு வழியாக வந்தது, கேட்காமலே கண்ணில் தண்ணீர் கொட்டியது. முடி கருகிய நாற்றம் வேறு.

"ரிலாக்ஸா இருங்க மேடம், எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றாள் அவள்.

"உன்ன எப்பனா கடிச்சிருக்கா?" என்று கேட்டேன். அவள் அடுத்த அடியை வைத்தாள்.

நியாயமாகவும் சொல்லிவிடுகிறேன். உயிர் போகிற வலி இல்லை. பத்துப் பதினைந்து நிமிஷம், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் வரை வெயிலில் நின்ற மாதிரி எரிந்தது, ஐஸ் வைத்ததும் அடங்கியது. மறுநாள் கடைக்குப் போய் பில் போட்டேன். இதை இப்படியே சொல்லியிருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராகப் போயிருப்பேன். பெண்களிடம் வலியைப் பற்றி உண்மை சொன்னால் ஓடிவிடுவார்கள் என்று எந்தப் புண்ணியவான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தானோ.

மூன்றாவது தடவை முடிந்தபோது நலங்குக்கு ஐந்தே நாள்தான் இருந்தது. முதல் தடவை வீணாகாமல் இருந்திருந்தால் இந்த இக்கட்டே வந்திருக்காது. சுட்ட முடி உடனே உதிராது, பத்துப் பதினைந்து நாள் மிளகுத்தூள் மாதிரி குத்திக்கொண்டு நிற்கும், பிடுங்காதீர்கள், தேய்க்காதீர்கள், மஞ்சள் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர். அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். கடைசியில், பரு வந்திருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லி, கன்னத்தில் சந்தனத்தை மட்டும் தொட்டு வைக்கச் சொல்வதாக ஏற்பாடு.

நலங்கன்று எல்லாம் ஏற்பாட்டின்படியே நடந்தது, நாத்தனார் வரும்வரை. மாப்பிள்ளைக்கு அக்கா. வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டவள். நிச்சயதார்த்தத்திலேயே என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்துவிட்டு, "பொண்ணு போட்டோல கொஞ்சம் கலரா இருந்துச்சே" என்றவள். மஞ்சள் கூடாது என்று அம்மா சொல்லச் சொல்ல, "மஞ்ச இல்லாம இன்னா நலங்கு?" என்று கை நிறைய அள்ளி என் தாடையில் வைத்துத் தேய்த்தாள். எனக்குத் தீயாய் எரிந்தது. தேய்த்த விரல் மோவாயில் நின்றது. மறுபடி ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"இன்னாது இது, முள்ளு மாரி குத்துது?" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

பேச்சு நின்றது. வீடியோக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. "பரும்மா அது, சூடு" என்று அம்மா ஆரம்பித்தாள். அம்மாவின் குரல் நடுங்கியதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்துபோனது. என் அம்மா இந்த மூஞ்சிகளுக்கு முன்னால் ஏன் நடுங்க வேண்டும்?

"முடி, அண்ணி" என்றேன். "எனக்குத் தாடி மொளைக்குது. லேசர் வெச்சு சுட்டுகினு வந்திருக்கேன். மஞ்ச பட்டா எரியும். கைய எடுங்க."

அவள் கையை எடுத்தாள். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "சரி சரி, ஆரத்திய சுத்துங்க, நேரமாவுது" என்று அவசரப்படுத்தினாள். கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். நின்றால் நிற்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது நான் உள் அறையில் துணியில் ஐஸைச் சுற்றித் தாடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் வந்தாள். கதவைத் தாழ் போட்டாள். இன்னும் என்ன பாக்கி என்று நான் எழுந்து நின்றேன்.

"எந்த கிளினிக்ல லேசர் வெச்சாங்க உனக்கு?"

"எதுக்கு அண்ணி?"

அவள் புடவைத் தலைப்பால் தன் மோவாயை அழுத்தித் துடைத்தாள். பவுடர் போன இடத்தில், காது வரைக்கும், பிடுங்கிப் பிடுங்கிக் கறுத்த புள்ளிகள்.

"அவரு எழுந்துக்கறதுக்குள்ள தெனம் புடுங்கிருவேன். பன்னெண்டு வருசமா அவருக்குத் தெரியாது" என்றாள். பிறகு குரலை இன்னும் இறக்கி, "ரொம்ப வலிக்குமா?" என்றாள்.

நான் அவளையே பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை. என் தாடை எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வலிக்கும்" என்றேன். "ஆனா நீங்க காலைல அத்தன பேரு எதுர்ல கேட்டீங்களே, அந்தளவுக்கு வலிக்காது."