முகராத பாட்டில்

பட்டா கேட்டு மனு கொடுக்கப் போனபோது, கடலூரில் மனு வாங்கும் ஓர் அலுவலக வாசலில் அந்தப் பெண் காவலரைப் பார்த்தேன். வெள்ளைக்கல் மூக்குத்தி போட்டிருந்தார். வரிசையில் வந்தவர்களின் தண்ணீர் பாட்டில்களை வாங்கித் திறந்து முகர்ந்து பார்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றி யாரும் தீக்குளித்துவிடக் கூடாதே என்ற பயம். பிறகு மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

என் இஸ்திரி சட்டையைப் பார்த்ததும், "நீங்க போங்க சார்" என்றார்.

"என் பாட்டில பாக்கலியேம்மா?"

"உங்களுக்கு என்னா சார், மனு குடுத்தா நடந்துடும். அலைஞ்சி அலைஞ்சி வெறுத்துப்போனவங்களதான் பாக்கணும்."

கிண்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், கேட்பதற்கு முன்பே மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டினார். நான் உள்ளே போய்விட்டேன்.

என் பட்டா சீக்கிரமே வந்துவிட்டது.

சிதம்பரத்தில் நான் சரித்திர ஆசிரியர். ரஷ்யாவில் ஜார் மன்னனின் அரண்மனைக்கு மனுவோடு போன மக்கள் சுடப்பட்டதையும், அதன்பின் அவர்களுக்கு மனுவிலேயே நம்பிக்கை போனதையும் பிறகொரு நாள் வகுப்பில் நடத்தினேன்.

"அந்தக் கூட்டத்துல நீங்க இருந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

பதில் அந்த மூக்குத்திக்காரருக்குத் தெரியும். நான் அந்தக் கூட்டத்திலேயே இருந்திருக்க மாட்டேன்.