ஜோடி இல்லாத மூடிகள்

சாவியைக் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். "சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது சாரே. காலண்டருக்குக்கூட. இது கடல் காத்து வாங்குன சுவரு. நீ ஒண்ணு அடிச்சா அது ஒம்போது பேத்துகினு வரும்."

அவர் சொன்னதில் மிகை இல்லை. திருவிடந்தையில் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த வீட்டின் சுவர்கள் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தன. விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிரும். வேறு நேரமாக இருந்தால் நான் அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் அப்போது எங்களுக்குத் தரைத்தளம் வேண்டும், வாசல் அகலமாக இருக்க வேண்டும், வாடகை கையைக் கடிக்கக் கூடாது. ஊரப்பாக்கத்தில் நாங்கள் இருந்தது லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. ஸ்ட்ரெச்சரை அந்த மாடிப்படியில் திருப்ப முடியாது என்று ஆம்புலன்ஸ்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

என் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது ஒரு கார் இடித்தது. தோழிக்குச் சிராய்ப்போடு போயிற்று. என் மகளுக்கு இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்தன. ஃபோன் வந்தபோது நான் செங்கல்பட்டு அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எடுப்பதற்கு முன் மேசை விளிம்பையோ கம்பியையோ பிடித்துக்கொள்கிறேன். அது இன்னும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேராக இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். என் மனைவிக்குக் கோவளம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. மதியம் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போகலாம். உள்ளறையில் கட்டில். மல்லாந்துதான் படுக்க வேண்டும், புரளக் கூடாது. வந்த சில நாட்களில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, அந்தக் கறையப் பாரு. நாய் உக்காந்துகினு கீற மாதிரி இல்ல?"

நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் மழைநீர் கசிந்த பழுப்பு அடையாளம். அதில் நாய் எதுவும் தெரியவில்லை.

"நின்னுகினு பாத்தா தெரியாது. படு."

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தேன். தெரிந்தது. காதைத் தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு ஒரு நாய்.

"நாள் பூரா அது என்னையே பாத்துகினு கீதுப்பா."

அவள் அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். எனக்குத்தான் தரையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த இரண்டு இரும்பு வளையங்களும் கண்ணில் பட்டன. தூளியோ ஊஞ்சலோ கட்டுவதற்காக வீடு கட்டும்போதே பதித்தவை. வீட்டுக்காரம்மா சுவரைத்தான் சொன்னார். கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் கடை இருந்தது. ஓரம் கிழிந்ததால் ஒதுக்கிவைத்திருந்த பந்தல் துணி ஒன்றைக் கேட்டேன். மஞ்சளும் சிவப்பும், ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தது. கடைக்காரர் பாதிக்கும் பாதி விலையில் கொடுத்தார். அதை மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்தேன். என் மனைவி அதை ஊறவைத்துத் துவைத்தாள். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. எத்தனை கல்யாணத்து அடுப்புப்புகையோ.

இரண்டு முனைகளை வளையங்களிலும் இரண்டு முனைகளை ஜன்னல் கம்பியிலும் கட்டினேன். கட்டில் சுவரோரம் இருந்தது, மின்விசிறி அறையின் நடுவில். துணி விசிறியில் மாட்டிக்கொண்டால் என்னாகும் என்று எனக்கு வேர்த்துவிட்டது. முழம் போட்டுப் பார்த்தேன், துணியை இழுத்துப் பார்த்தேன். அன்று முழுவதும் விசிறியைப் போடவே விடவில்லை. கடைசியில் என் மனைவிதான் சுவிட்சைத் தட்டினாள். துணி லேசாக மூச்சுவிட்டது, அவ்வளவுதான். நாய் மறைந்துவிட்டது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். மீன் வியாபாரம் முடித்து, குளித்து, ஈரத் தலையோடு வந்திருந்தார். பக்கத்து வீடுதான் அவருடையது. முதலில் நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஆணி இல்லை என்று தெரிந்த பிறகு மேலே பார்த்தார்.

"நல்லா கீது போ. கல்யாணம் ஆவணும்னு எங்கெங்கிருந்தோ வந்து மாலையப் போட்டுகினு நம்ம ஊரு கோயிலைச் சுத்துதுங்க. இவ இன்னாடான்னா படுத்துகினே பந்தலு போட்டுகினா."

என் மகள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு முதல் தடவை. சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் "யக்கா, சும்மா இரு, வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

அதன் பிறகு என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. தீபாவளிக்கு வாங்கிய சீரியல் விளக்கைத் துணிக்குள் ஓட்டினேன். அவள் தோழிகள் அனுப்பிய படங்களை அட்டையில் ஒட்டி, படுத்த கண்ணுக்கு நேராக வரும்படி நூலில் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்து, கோணல் இருந்தால் சரிசெய்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த அறையில் நின்று நிமிர்ந்து பார்த்தார்கள். "ஓட்டலு மாரி பண்ணிட்டீங்க" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வேறு எதையும் என்னால் சரிசெய்ய முடியாத நாட்கள் அவை.

எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும், காலில் எடை விழவேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார். வாக்கர் வாங்கினோம். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்காருவாள். பாதம் தரையைத் தொடும். அதோடு சரி. "நாளைக்கு" என்பாள். மறுநாள் கேட்டாலும் "நாளைக்கு". வாக்கரில் துண்டு காய்ந்தது. அவளுக்குப் பயம். நான் வற்புறுத்தவில்லை. அவள் கட்டிலில் இருக்கிறவரை அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சாலையில் லாரி ஹார்ன் கேட்டாலும் அவள் உள்ளறையில்தான் இருக்கிறாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் என் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிலுக்கு மேலே இன்னும் ஒரு வரிசை விளக்கு ஓட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, படுத்துகினு கீறதுக்கு அழகு பண்ணது போதும். எழுந்துக்கறதுக்கு எதுனா பண்ணுங்க."

"அவ பயப்படுறா."

"அவளா?" என்றாள். வீடு மாறியதிலிருந்து பிரிக்காமல் கிடந்த ஒரு சாக்கை என் பக்கம் காலால் தள்ளினாள். "இத வெச்சு இன்னா பண்றதுன்னும் பாருங்க. தூக்கிப் போடவும் மனசு வரல."

சாக்கில் மூடிகள். பாத்திரம் தொலைந்து, ஓட்டையாகி, இரவல் போய்த் திரும்பாமல், மூடி மட்டும் மிஞ்சியவை. எவர்சில்வர், அலுமினியம், ஒரு பித்தளை மூடி, இட்லிப் பானையின் பெரிய மூடி, குழந்தைக்குப் பால் காய்ச்சிய சொம்பின் மூடிகூட இருந்தது. எங்கள் கல்யாணத்திலிருந்து சேர்ந்த மூடிகள். ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

வீட்டுக்காரம்மாவிடம் கிழிந்த வலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "கொல்லைல கெடக்குது, எடுத்துக்கோ. மீன் புடிக்கப் போறியா?" என்றார். அலசிக் காயவைத்து, ஹாலில் இருந்த பரணின் மேல் வலையின் ஓரத்தைப் போட்டு, அதன்மேல் எங்கள் டிரங்குப் பெட்டியை ஏற்றி வைத்தேன். பரண் விளிம்பிலிருந்து வலை திரைச்சீலை மாதிரி தொங்கியது. மூடியின் குமிழை வலைக்கண்ணுக்குள் நுழைத்துப் பின்பக்கம் நூலால் கட்டினால் மூடி அப்படியே நின்றது, உள்பக்கம் வெளியே தெரிய, சின்னக் கண்ணாடி மாதிரி. ஆணி எதுவும் இல்லை. நிற்கிற ஆளின் மார்பு உயரத்தில் தொடங்கி இரண்டு வரிசை கட்டினேன்.

வேலை தொடங்கும்போதே என் மனைவி உள்ளறைக் கதவைப் பாதி சாத்திவிட்டாள். கட்டிலிலிருந்து பரண் பக்கம் தெரியாது.

"அப்பா, இன்னா சத்தம் அது?"

"ஒண்ணுமில்லம்மா."

"பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குதே."

வீட்டுக்காரம்மா வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். "எம்மா, இத்தப் பாரேன். கண்ணு கூசுது. நான் எங்கியும் இப்படிப் பாத்ததில்ல."

"யக்கா, இன்னா அது? யாராவது ஃபோட்டோ எடுத்துகினு வாங்க."

என் மனைவி ஹாலிலிருந்தே சொன்னாள், "ஃபோட்டோல நல்லா வராது. வந்து பாரு."

உள்ளேயிருந்து மகள், "ரொம்பப் பேஜாரு பண்றீங்க" என்று முனகினாள். அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் ஃபோனில் படம் எடுத்துக் காட்டிவிடலாம் என்று கதவு வரை போனேன். என் மனைவி ஃபோனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் நேராக மூடிகளில் விழுந்தது. கடல் காற்றில் அவை ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. பாதி திறந்த கதவு வழியாக வட்ட வட்டமான வெளிச்சங்கள் அவளுடைய பந்தல் துணியில் ஏறி ஓடின. அவள் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைக் கதவிடுக்கில் பார்த்தேன். பிறகு வாக்கரில் இருந்த துண்டு கீழே விழும் சத்தம் கேட்டது.

என் மனைவி உள்ளே போய், நடக்கும்போது தாங்கிப் பிடிப்பதற்காக மகளின் இடுப்பில் கட்டும் வாரைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன், அவள் விழுந்தால் அடியில் வைப்பதற்கு. அப்படி வைத்திருக்கவே முடியாது என்பது இப்போது தெரிகிறது. கட்டிலிலிருந்து ஹாலுக்குச் சிறிய தூரம். அதைக் கடப்பதற்குள் அவள் நைட்டி முதுகோடு ஒட்டிவிட்டது. இரண்டு முறை நின்றாள். "உக்காந்துக்கிறியாம்மா" என்று நான் கேட்டேன். அவள் வாக்கரை மறுபடி முன்னால் தள்ளினாள்.

வலைக்கு முன்னால் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

"நல்லா இல்லியா?"

"அம்மா, இட்லிப் பானை மூடியப் போய் நட்ட நடுவுல வெச்சிருக்காரும்மா. அதுவும் கோணலா."

"கோணல் இல்ல. நான் படுத்துப் பாத்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் கை நீட்டி அந்தப் பெரிய மூடியைப் பிடித்தாள். நூல் பின்பக்கம் இருந்தது. மூடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையை வலைக்குப் பின்னால் விட்டு முடிச்சைத் தேடினாள். வாக்கர் தனியாக நின்றுகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். என் மனைவி திரும்பாமலேயே, வாரைப் பிடிக்காத கையால் என் மணிக்கட்டைக் கிள்ளினாள். அவள் நகம் பதிந்த இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

மகள் முடிச்சை அவிழ்த்தாள். பெரிய மூடியைக் கீழே ஓரத்துக்கு மாற்றினாள். அந்த இடத்தில் பால் சொம்பின் மூடியை வைத்தாள். கால் நடுங்க ஆரம்பித்தபோது, "அப்பா, நாற்காலி" என்றாள். அத்தனை நேரமும் அதைத் தூக்கியபடியே நின்றிருக்கிறேன். கீழே வைத்தேன். உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தான் செய்ததைப் பார்த்தாள். "இப்போ பரவால்ல" என்றாள்.

அதற்குப் பிறகு மாலையில் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது வலையைத்தான். தினமும் ஏதாவது மாறியிருக்கும். பித்தளை மூடி இடம் பெயர்ந்திருக்கும். இரண்டு வரிசை மூன்றானது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு அவள் எழுந்து நின்றிருக்கிறாள் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். விசாரித்தால் எரிச்சல்படுவாள் என்பதால் விசாரிப்பதில்லை. வரிசைகள் மேலே ஏறிக்கொண்டே போயின. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. பந்தல் துணியை அவளே இறக்கச் சொன்னாள். நாய் திரும்ப வந்தது. "இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

கல்லூரி திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு மாலை வந்து பார்த்தபோது, இட்லிப் பானை மூடி பரண் விளிம்பை ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. என் கையே எட்டாத உயரம்.

"யாரு வெச்சது?"

என் மனைவி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான் இப்போதான் வந்தேன்" என்றாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பரணுக்கு அடியில் ஸ்டூல் இருந்தது. வாசல் வழியாக வரும் மணல் எல்லாவற்றின் மேலும் படிவதுபோல் அதன் மேலும் படிந்திருந்தது. அதில் இரண்டு பாதங்களின் அடையாளம். வலது பாதமும் இடது பாதத்தைப் போலவே அழுத்தமாகப் பதிந்திருந்தது. திட்டத்தான் நினைத்தேன், விழுந்திருந்தால் என்று கத்தத்தான் நினைத்தேன். ஸ்டூலைத் துடைக்காமல், தடம் கலையாமல் தூக்கி, சுவரோரம் வைத்தேன். பிறகு வாசலுக்குப் போய், மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன்.

"யக்கா, ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க."