மெக்சிக்கோப் படையலில் ஒரு படம்

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மெக்சிக்கோவின் வரலாறு பற்றி இலவசமாகப் பேச்சு நடந்தது. அறிவை வளர்க்க வேண்டும் என்று நான் போகவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டில் என் கணவரும் டிவியும் மாறி மாறிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எங்காவது போய் இருந்தால் போதும் என்றிருந்தது.

போன இடத்தில் பேச்சு பிடித்துவிட்டது. பேசியவர் மெக்சிக்கோவில் பிறந்து லண்டனில் படிப்பிக்கும் பெண். அங்கே சோளம் அரைக்கும் கல்லைத் திரையில் காட்டினார். எங்கள் அம்மிக்கு மூன்று கால் வைத்ததுபோல இருந்தது. மிளகாய் அந்தப் பக்கத்திலிருந்துதான் உலகமெல்லாம் போனது என்றார். சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன்.

"விசர்க்கதை கதையாதையும். எங்கடை மிளகாய்த்தூளை அவங்களோ தந்தவங்கள்?" என்றார் என் கணவர்.

மிளகாய் வருவதற்கு முன்னர் எங்கள் ஆட்கள் உறைப்புக்கு மிளகுதான் போட்டார்கள் என்று விளக்கினேன். கேட்கிற ஆளா அவர்? அன்று அவர் இரண்டாம் தரம் கறி கேட்டபோது, கோபத்தில் நான் எழும்பவில்லை.

என்னோடு மச்சாளும் வருவார். என் கணவரின் தமக்கை. ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து திரையில் வரும் படங்களைப் பார்ப்பார். அவருடைய ஒரே மகன் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமற்போனவன். செத்த வீட்டுச் சடங்குகளைச் செய்து முடிக்கும்படி சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். மச்சாள் செய்யவில்லை. அவன் படத்தைச் சுவரில்கூட மாட்டவில்லை. "மாட்டினால் வாற ஆக்கள் மாலை கொண்டு வருவினம். உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆர் மாலை போடுறது?" என்பார். படம் எப்போதும் அவருடைய கைப்பைக்குள்தான்.

கடைசிப் பேச்சு, இறந்தவர்களுக்கு அவர்கள் நாட்டில் வைக்கும் படையலைப் பற்றியது. விரும்பியவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படங்களைக் கொண்டுவரலாம் என்று முந்தின கிழமையே பேச்சாளர் சொல்லியிருந்தார். என் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஹை ஸ்ட்ரீட்டில் செவ்வந்தி மாலை ஒன்று வாங்கினேன். மச்சாள் காலையிலேயே தலைக்குத் தோய்ந்து, திருநீறு பூசி, நல்ல சேலை உடுத்து நின்றார். வெள்ளிக்கிழமைதானே என்று நானும் கேட்கவில்லை; படையல் ஆருக்கு என்று சொல்லவும் இல்லை.

நூலகத்தில் மேசைகளைப் படிகள்போல அடுக்கி, மெழுகுதிரி, பழம், சுட்ட பாண், சாம்பிராணி, பூ எல்லாம் வைத்திருந்தார்கள். எங்கள் கோயில்காரர் பார்த்தால் குறை சொல்லமாட்டார்கள். நான் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, மச்சாள் அந்தப் படையலுக்கு முன்னால் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். மற்றவர்கள் இன்னும் படங்களை வைக்கவில்லை; நடுப்படியில் அவருடைய மகனின் படம் மட்டும். பூவும் புகையும் விளக்கும் கண்டவுடன், தெய்வத்துக்கு வைத்தது என்று நினைத்துவிட்டார். பிள்ளையைத் திருப்பித் தா என்று வேண்டி, படத்தை அதில் வைத்திருக்கிறார். தேத்தண்ணியோடு அவசரமாகக் கிட்டப் போனேன்.

பேச்சாளர் அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு பூவை வைத்துவிட்டு, இவர் எப்போது இறந்தார் என்று மென்மையாகக் கேட்டார்.

"என்ன கேக்கிறா?" என்றார் மச்சாள்.

ஒளிக்க வழியில்லை. "மச்சாள், இது செத்த ஆக்களுக்கு வைக்கிற படையல்."

மச்சாள் படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் இரண்டு தரம் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார். காணாமற்போன பிள்ளை என்று பேச்சாளருக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கும் முகம் மாறிவிட்டது. தன் நாட்டிலும் இப்படித் தாய்மார் இருக்கிறார்கள், அவர்களும் பிள்ளைகளின் படத்தைப் படையலில் வைக்கமாட்டார்கள், தேடிக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். அதை அப்படியே மச்சாளுக்குச் சொன்னேன்.

மச்சாளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அங்கையும் தேடுகினமோ? ஆரும் கிடைச்சவையோ எண்டு ஒருக்கால் கேளும்."

கேட்டேன். அந்தப் பெண் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். தாய்மார் மண்வெட்டியோடு வெளிகளுக்குப் போய்த் தோண்டுவதைச் சொன்னார். எலும்புகளைச் சொன்னார். மகனின் காலில் கிடந்த சப்பாத்தை வைத்து அவனை அடையாளம் கண்ட, தனக்குத் தெரிந்த ஒரு தாயைப் பற்றிச் சொன்னார்.

"ஓமாம், சிலபேர் கிடைச்சவையாம்," என்றேன் நான்.

மச்சாள் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ இவ்வளவு நேரம் கதைச்சவ. நீர் ரண்டு சொல்லிலை முடிச்சுப்போட்டீர்," என்றார்.

ஆறிப்போன தேத்தண்ணியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். திருப்பிக் கேட்கவில்லை.