குறுக்கே சுற்றிய வளையம்

ராமசேஷன் சார் இறந்துபோன செய்தி வந்தபோது என்னுடைய ஒரே நல்ல பேண்ட் இஸ்திரிக் கடையில் இருந்தது. மகனுடையதை மாட்டினேன், பொத்தான் சேரவில்லை. சட்டையை வெளியே விட்டு, இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி தாராவியிலிருந்து செம்பூர் போய்ச் சேர்ந்தேன். ராமசேஷன் சார் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நம் ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் கணக்கீட்டு உதவியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். தொலைநோக்கியில் எடுத்த கண்ணாடித் தகடுகளை அளந்து, நட்சத்திரங்கள் எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகின்றன என்று சொல்வார். எந்தத் தகடு எந்தத் திசையில் எடுத்தது என்று உறையில் சீட்டு ஒட்டுவது என் வேலை. என் பத்தாம் வகுப்புக்கு அதுவே அதிகம். இரண்டு தடவை மாற்றி ஒட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் மாட்டுங்கா ஹோட்டலில், தான் அளந்துகொண்டிருந்த நட்சத்திர மண்டலம் இதுதான் என்று சொல்லி, என் இட்லிக்குக் குறுக்காக ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினார்.

“நட்சத்திரமெல்லாம் இட்லியோட படுக்கையா சுத்தறது ஓய். இந்த வளையம் மட்டும் தலைக்கு மேல ஏறி அடியில இறங்கறது. சேர்ந்து பொறந்திருந்தா இப்படிச் சுத்தாது. கிட்ட வந்த இன்னொரு மண்டலத்துகிட்டேர்ந்து பிடுங்கினது.”

“சரி சார், இந்த இட்லிய யாரு திங்கது?”

“நீர்தான். விஞ்ஞானத்துக்காக.”

தின்றேன்.

அவர் பெயரில் வரவேண்டிய முதல் கட்டுரை அது. மண்டலத்தின் நெடுக்கே எடுத்த தகட்டிலும் சுழற்சி, குறுக்கே எடுத்ததிலும் சுழற்சி. குறுக்கே எடுத்தால் சுழற்சி தெரியக் கூடாதே என்று துறைத் தலைவர் நம்பவில்லை. இரண்டுமே நெடுக்கே எடுத்தவைதான், சீட்டு மாறியிருக்கிறது என்றார். என்னைக் கூப்பிட்டு, தப்பு உன்னுடையதா என்று இந்தியில் கேட்டார். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். “இருக்கும் சார்” என்றேன். ராமசேஷன் சார் என்னைப் பார்த்துவிட்டு, தகடுகளைத் திரும்ப உறையில் போட்டார். கட்டுரை அலமாரிக்குள் போனது. நான் நிரந்தரமானேன்.

சில வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகை வந்தது. அதே மாதிரி மண்டலம், அதே குறுக்கு வளையம், வேறு யாருடைய பெயர்களோ. நூலகத்தில் விரித்துக் காட்டி, “நம்ம இட்லி ஓய்” என்றார். அதற்குப் பிறகு என்னோடு ஹோட்டலுக்கு வந்ததில்லை.

அன்று செம்பூர் வீட்டில் தலைவர், சாரின் மனைவி மாமிக்கு ஆறுதல் சொன்னார்: ராமசேஷனுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தப்பியதாம், அதுவும் சீட்டால். மாமி என் பக்கம் திரும்பி, “அதுக்காக நீங்க மனசு கஷ்டப்படாதீங்கோ. அவர் உங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை” என்றார்.

நான் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ரப்பர் வளையம். இற்றுப்போய், என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. மாமியிடம் அன்று வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான்: அந்தச் சீட்டை மூன்று முறை சரிபார்த்து ஒட்டியிருந்தேன். கணக்கும் தப்பவில்லை மாமி, சீட்டும் தப்பவில்லை.