ஏழாவது ஸ்பீக்கர்

இது நிஜமாக நடந்தது. கட்டுக்கதையாக இருந்திருந்தால் முடிவை நானே மாற்றியிருப்பேனே! பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைத்தவன்தான் நானும். ஆனால் இது நடந்தது பட்டப்பகலில், ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில்.

கடைகளிலும் கூடங்களிலும் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். துணைக்கு என் மனைவியின் தம்பி. வீட்டில் எல்லோரும் அவனைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வயது, வேலையில் கெட்டிக்காரன், பொறுமை மட்டும் கடுகளவும் கிடையாது.

அன்றைக்கு வேலை சின்னதுதான். ஒரே மாதிரி ஆறு ப்ளூடூத் ஸ்பீக்கர்களைச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றையும் போனோடு இணைக்க வேண்டும். இதில் ஒரு தலைவலி உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றால் போன் திரையில் எல்லாம் ஒரே பெயரில்தான் வந்து நிற்கும். எது எங்கே இருக்கிறது என்று கடவுளுக்கே தெரியாது. அதனால் நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். சுண்டு ஒன்றை மட்டும் ஆன் செய்வான். நான் அதை இணைத்து "முன் இடது", "பின் வலது" என்று பெயரை மாற்றுவேன். அப்புறம்தான் அடுத்தது.

அன்றைக்கு டீ ஆறிவிடுமாம். ஆறையும் மொத்தமாக ஆன் செய்துவிட்டு டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்துவிட்டான் மகராசன்.

தலையில் அடித்துக்கொண்டு திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டேன். எது பாடியதோ அதற்குப் பெயர் வைத்தேன். மாலை 4.10க்கு ஆறும் முடிந்தது.

ஆனால் பழைய பெயரில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

"டேய் சுண்டு, ஏழாவது ஒன்னு எங்கடா வச்ச?"

"ஆறுதானே மாமா வாங்கினோம்? பெட்டிய எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். ஆறுதான். மேலே இருந்த தையற்கடையில் கேட்டேன். அவர்களிடம் ஸ்பீக்கரே இல்லை. கீழே இருந்த கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ப்ளூடூத் பத்து மீட்டரைத் தாண்டினால் பெரிய விஷயம். ஆறையும் அணைக்கச் சொன்னேன். அணைத்தான். திரையில் அது மட்டும் அசையவில்லை.

வீம்புக்கு அதைத் தொட்டேன். உடனே இணைந்துவிட்டது. ஒரு பாட்டை ஓடவிட்டேன். ஓடுவதாகப் போன் காட்டியது. கூடத்தில் சத்தமே இல்லை... வேறெங்கோ பாடிக்கொண்டிருந்தது.

4.25. என் மனைவி கூப்பிட்டாள். "சொல்லும்மா" என்றேன். பதில் இல்லை. எனக்கு விஷயம் புரிந்தது. போன் அந்த ஏழாவதோடு இணைந்திருக்கிறது. அதனால் அவள் பேசுவது அந்த ஸ்பீக்கரில்தான் கேட்கும். அதில் மைக்கும் உண்டு. அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் குரல்தான் அவளுக்குப் போகும். என் குரல் போகாது.

துண்டிக்கப் போனேன். அதற்குள் சுண்டுவின் போன் அடித்தது. என் மாமியார் நம்பர். சுண்டு சத்தத்தை வெளியே கேட்கும்படி வைத்தான். பேசியது என் மனைவிதான்.

"டேய், எங்கடா மாட்டிக்கிட்ட? ஏன்டா அழற? மாமா போன் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

வாயில் பிஸ்கட்டோடு சுண்டு என்னைப் பார்த்தான். "யாரு அழறது அக்கா? நான் டீ குடிச்சிட்டிருக்கேன்."



"அப்ப இது யாருடா?"

தன் போனை அம்மாவின் போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

தட்... தட்... தட்... இரும்பை யாரோ கையால் அடிக்கும் சத்தம். பிறகு இழுத்து இழுத்து விடும் மூச்சு.

"அக்கா... கதவு திறக்கல... மூச்சு முட்டுது... மாமாவ வரச் சொல்லு..."

சுண்டுவின் குரல். அவன் என் எதிரே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

என் மனைவிக்கு அழுகை வெடித்துவிட்டது. "பயப்படாதடா. மாமா வந்துட்டே இருக்காரு. அங்கயே இரு." இரண்டு போனில் எதைப் பார்த்து அதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்த சுண்டுவின் போனோடு ஓடினோம். கழிவறை, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி. கீழ்க்கடைப் பூட்டைக்கூட உடைத்துவிட்டோம். உள்ளே தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த ஸ்பீக்கரின் பேட்டரி அளவைப் போன் காட்டியது. இருபது... பத்து...

"அக்கா... இருக்கியா..."

ஐந்து.

என்ன செய்வது? யாரைக் கூப்பிடுவது?

தட்...

4.51. தொடர்பு அறுந்தது.

சேமித்த பட்டியலில் அந்தப் பெயர் மட்டும் மங்கிக் கிடந்தது. எத்தனை முறை தொட்டும் இணையவில்லை.

அந்தக் கூடத்துப் பக்கமே போகக் கூடாது என்று என் மனைவி அவனிடம் சத்தியம் வாங்கினாள். ரெண்டு நாள் கிண்டல் அடித்தான். மூன்றாம் நாள் வண்டியில் போகும்போது மெதுவாகக் கேட்டான். "மாமா, அது நான்தானே?"

"வாய மூடுடா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

சத்தியத்தைக் காப்பாற்றினான். அந்தத் தெருவுக்கே போகவில்லை. நாங்கள் காவல் காத்ததும் அந்தக் கூடத்தைத்தான்.

சில வாரம் கழித்து எனக்குக் காய்ச்சல். ஒரு சின்ன வேலைக்கு, எங்கே என்று சொல்லாமலே, அவன் தனியாகப் போனான். ஊருக்கு மறுகோடியில் புதிதாகக் கட்டிய பழக் கிடங்கு. அங்கே ஒரு சின்னக் குளிர்அறைக்குள் ஒரே ஒரு ஸ்பீக்கர் வைக்க வேண்டும். அறையை இன்னும் குளிரூட்டவில்லை. ஆனால் காற்றுப் புகாத, தானாகச் சாத்திக்கொள்ளும் இரும்புக் கதவு மாட்டியாகிவிட்டது. உள்பக்கக் கைப்பிடி மட்டும் மாட்டவில்லை. உள்ளே போன் சிக்னலும் கிடையாது. மறுநாள் விடுமுறை என்று வேலையாட்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

இரவு முழுவதும் அவனை எங்கெங்கோ தேடினோம். விடிந்த பிறகுதான் இடம் தெரிந்து அந்தக் கதவைத் திறந்தார்கள். சுண்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஸ்பீக்கரைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அவனுக்கு உயிர் இல்லை.

அதே மாடல். அன்று காலையில்தான் கடையில் வாங்கியிருக்கிறான். வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டு ஆன் செய்தேன். நான் எதையும் தொடவில்லை... மங்கிக் கிடந்த அந்தப் பெயரில் என் போனோடு தானாக இணைந்தது.

விற்ற கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பி அடியில் இருந்த தயாரிப்புத் தேதியைக் காட்டினார். நாங்கள் அந்தக் குரலைக் கேட்ட நாளுக்கு அடுத்த வாரத்துத் தேதி அது.

இதை மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மாமா வந்துட்டே இருக்காருன்னு சொன்னேனே... அது அவனுக்குக் கேட்டிருக்குமா?"

"தெரியலம்மா" என்றேன்.

எனக்குத் தெரியும். இந்த மாடல் புதிதாக இருந்தால் பாதிச் சத்தத்தில்தான் பேசத் தொடங்கும். நான் ஆன் செய்தபோது அது முழுச் சத்தத்தில் இருந்தது. சத்தத்தைக் கூட்டும் பட்டனை அவன் கடைசிவரை அழுத்தியிருக்கிறான்.