சாம்பிள் பொட்டலம்

கடப்பா பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கி, ஐசோடோப்புகளை அளந்து, அது எந்தக் காலத்துக் கடலில் படிந்தது என்று கண்டுபிடிப்பது என் மகளின் ஆராய்ச்சி. லேபுக்குக் கிளம்புமுன் சாம்பிள் பொட்டலத்தைச் சாமி அலமாரியில் வைத்திருந்தாள்; முக்கியமான எதையும் அங்கே வைத்தெடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் மலைக்கோயில் விபூதி என்றெண்ணி நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன்.

"ஐயோ நைனா, அந்த எடத்துக் கல்லு இவ்ளோதான் கீது!"

எனக்கு வியர்த்துவிட்டது. "வழிச்சுக் குடுத்துடட்டுமா?"

"வேணாம். எந்தக் கடல்னு பாத்தா உன் வேர்வைதான் வரும்."

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "தப்பிச்ச. மிச்சம் இருக்கறதே மெஷினுக்குப் போதும்."

நெற்றியைக் கழுவாமலே டீக்கடைக்குப் போனேன்.

"இன்னாபா, மலைக்குப் போய் வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"இல்லபா. இது பழைய கடலு. என் பொண்ணு கண்டுபிடிச்சிகினு கீறா."