வேடியப்பனைத் தேடிப் போன வேன்

அன்று வேனில் இருந்தது அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை, வேன்காரர், நான். ஆறே பேர். அப்பாவின் மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அத்தையின் கல்யாணப் பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. முதல் பத்திரிகையைக் குலசாமி வேடியப்பனுக்கு வைக்காமல் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதை வைக்கத்தான் போனோம். சாமி தர்மபுரி மியூசியத்தில் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் வேடியப்பன் என்றால் நடுகல். வில்லும் கத்தியுமாக ஒரு வீரன் நிற்பான். எங்கள் கல், பாப்பாரப்பட்டி ரோட்டோரம் எங்கள் காட்டு வரப்பில் இருந்தது. ரோட்டை அகலப்படுத்த வந்தபோது, கல்லில் பழைய எழுத்து இருக்கிறது என்று சொல்லி ஆபீசர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடக்கும் முதல் நல்ல காரியம் அத்தை கல்யாணம்.

மாப்பிள்ளை வீடு பாப்பிரெட்டிப்பட்டி. அத்தை நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு எதற்கு, பரீட்சையும் எழுத வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். அப்பாவும் பெரியப்பாவும் சரி என்றார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் நானும் நினைத்தேன்.

முந்தின நாளும் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை, சாமிக்கு உகந்த நாள். மியூசியத்துக்கு அன்றுதான் லீவாம். பூட்டின கேட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். எனக்கு அன்று ராத்திரி முழுக்கப் பயம். சாமி நம்மைப் பார்க்கப் பிடிக்காமல்தான் பூட்டிக்கொண்டதோ என்று.

சனிக்கிழமை கேட் திறந்திருந்தது. பெரியப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம். உள்ளே போனவர்கள் எல்லாரும் செருப்போடு போனார்கள். நாம் செய்தது தப்பா, அவர்கள் செய்தது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. காவலுக்கு இருந்தவர் அம்மாவின் கூடையைப் பார்த்து, சூடம் கொளுத்தக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது என்றார். பத்திரிகையை மட்டும் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

எதற்கு முன்னால் வைப்பது? அங்கேதான் குழப்பம். மரத்தடியில் வரிசையாகக் கற்கள். எல்லாவற்றிலும் வில், எல்லாவற்றிலும் கத்தி. சிலதுக்குப் பெயர்ப்பலகை இருந்தது, பலதுக்கு வெறும் நம்பர். விவரம் தெரிந்த ஆபீசர் லீவு. அப்பாவும் பெரியப்பாவும் எங்கள் சாமியைப் பார்த்ததெல்லாம் பண்டிகை அன்றைக்குத்தான். அப்போது வேட்டி கட்டி, சந்தனம் அப்பி, வெள்ளியில் கண் வைத்திருப்பார்கள். இங்கே தேய்த்துக் கழுவி, துணியில்லாமல் நின்றார் சாமி. பெரியப்பா மாடு செதுக்கின கல்லைக் காட்டினார். அப்பா புலி இருக்கிற கல்தான் என்றார். உன் கல்யாணத்துக்குக் கூட நீ ஒழுங்காகக் கும்பிடவில்லை, அதான் அடையாளம் தெரியவில்லை என்று பெரியப்பா அப்பாவைக் குத்திக் காட்டினார்.

கடைசியில் அத்தையைக் கூப்பிட்டார்கள். வாராவாரம் கல்லைக் கழுவி எண்ணெய் வைத்தது அவளும் அம்மாவும்தான்.

அத்தை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனாள். மூலையில் இருந்த ஒரு கல்லுக்கு முன்னால் நின்று கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பிறகு அப்பாவிடம் திரும்பி வந்தாள்.

"இங்க இல்லீங்கண்ணா."

"நல்லாப் பாரு பாப்பா."

"பாத்துட்டனுங்க. நம்ம சாமி இதுல இல்ல."

நான் அந்த மூலைக் கல்லிடம் போனேன். எங்கள் வேடியப்பனின் இடது காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, என் சுண்டுவிரல் போகிற அளவு. இந்தக் கல்லிலும் இருந்தது. விரலை விட்டு எடுத்தேன். நுனியில் சிவப்பாகக் குங்குமம். ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா விரலைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"செங்கல் தூசி. கண்டதத் தொடாத."

"அம்மா, அது குங்குமம்மா."

"வாய மூடிக்கிட்டு வா கண்ணு."

அம்மாவுக்குக் குங்குமம் தெரியாமல் போகுமா? எனக்குக் கண்ணில் ஏதாவது கோளாறோ என்று பயந்து, வேனில் ஏறினதும் ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில கற்களை வெளியூர் மியூசியங்களுக்கு அனுப்பியிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதே ஆறு பேரும் சேலம் போனோம். இல்லை என்று அத்தை தலையை ஆட்டினாள். வேலூர் போனோம். கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நின்றது. சாமி இதைத் தாண்டி எப்படி வந்திருப்பார் என்று எனக்குக் கவலை. அங்கேயும் இல்லை. அம்மாதான், மெட்ராஸில் பெரிய மியூசியம் இருக்கிறதாமே என்று எடுத்துக் கொடுத்தாள். எழும்பூரில் வெண்கலச் சிலைகளுக்கு நடுவே அத்தை ஒவ்வொரு பலகையாக நின்று படித்து எனக்கு விளக்கம் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. அப்பாவோ, நகை வைத்த பையைத் தொலைத்தவர் மாதிரி, பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் நடந்தார். அம்மா அவரிடம் சொன்னாள்:

"ஏனுங்க, வந்தது வந்துட்டோம், மகாபலிபுரத்தையும் பாத்துட்டுப் போயிரலாங்க."

பெரியப்பா அதற்குச் சத்தம் போட்டார். ஆனாலும் போனோம். ஒரு வேளை அங்கே இருந்தால் என்று அப்பாவுக்கு ஒரு நப்பாசை.

ஊருக்கு வந்தபோது பத்திரிகைக் கட்டு பிரிக்காமலே கிடந்தது. முகூர்த்தத்துக்கு நாளே இல்லை. தள்ளிவைக்கலாமா என்று அப்பா ஆள் அனுப்பினார். பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்து பதில் வந்தது: "சாமியே ஓடிப்போன வூட்டுல நாங்க பொண்ணு எடுக்கறதா இல்லீங்க." அப்பா ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. திங்கட்கிழமை அத்தை நர்சிங் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தர்மபுரி பஸ்ஸில் ஏறினாள். பரீட்சையும் எழுதினாள்.

பின்னாளில் நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அத்தை எனக்காக என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். படிப்பு எனக்கு ஏறவில்லை. அது வேறு கதை.

அத்தையின் பரீட்சை முடிந்த வாரம் வேன்காரர் வாடகை கேட்டு வந்தார். அப்பா இருந்ததைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை உள்ளேயிருந்து வந்து வேன்காரரிடம், "மீதிய நான் வேலைக்குப் போயி குடுத்தர்றனுங்கண்ணா, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுப்படியில் அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கல்யாணம் நின்று, கடனும் ஏறின வீட்டில் இவர்கள் ரெண்டு பேருக்கும் எதற்குச் சிரிப்பு வருகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்துபோய் வேன்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுச் சொன்னார், பாக்கி ஏழாயிரத்து ஐந்நூறு.